நகத்தில் மிச்சமிருந்த மே மாதம்

31 ஜூலை 2006, திங்கள்

இல்லை, சாலையைக் கடக்கத்தான் போனேன். வேறொன்றும் இல்லை.

நூலகம் அந்தப் பக்கம், என் அறை இந்தப் பக்கம். நடுவே ரெஃபோர்மா. மெக்சிகோ நகரத்தின் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற சாலை. போன வாரம்வரை அதைக் கடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று காலை ஒரு கார்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் கூடாரங்கள், மஞ்சள் கொடிகள். வண்டிகளைப் பிரிக்கிற வெள்ளைக் கோட்டின்மேல் ஒருவர் பாய் போட்டு உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் இரண்டாம் தேதி இங்கே ஜனாதிபதித் தேர்தல். நூற்றுக்கு ஒன்றுகூட வராத வித்தியாசத்தில் ஒருவர் வென்றதாகச் சொன்னார்கள். தோற்றதாகச் சொல்லப்பட்டவரின் ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாச் சீட்டுகளையும் மறுபடி எண்ணு, எண்ணும்வரை நகர மாட்டோம் என்று நேற்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "வாக்கு வாக்காக! சாவடி சாவடியாக!" ஸ்பானிஷில் இதற்கு நல்ல தாளம். கொஞ்ச நேரம் கேட்டால் கால் தானாக அதற்கு நடக்கிறது. நடந்தேன். நடப்பது அரசியல் அல்ல.

இதை எழுதி வைக்கக் காரணம் உண்டு. ஜூனில் நான் வந்து இறங்கியதும் உதவித்தொகை அலுவலகத்தில் பல நாட்டு மாணவர்களுக்கு ஒரு கூட்டம். ஒர்த்தேகா அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மியூசியம் போங்க. கடற்கரை போங்க. யாரை வேணும்னாலும் காதலிங்க. அரசியல் மட்டும் வேண்டாம். எங்க அரசியல் சட்டத்துல முப்பத்து மூணாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுக்காரங்க தலையிட்டா அடுத்த விமானம்." இங்கே அது பேச்சு வழக்கே ஆகிவிட்டது. அவனுக்கு முப்பத்து மூணு போட்டுட்டாங்க என்பார்கள்.

எனக்குப் போட்டால் மொழிபெயர்ப்புப் படிப்பு போகும். திரும்பிப் போனால் பாளையங்கோட்டை. அப்பா ஏற்கெனவே விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கும் பி.எட்.

அதனால்தான். கடக்க மட்டுமே போனேன்.

2 ஆகஸ்ட்

நூலகத்திலிருந்து வரும்போது மழை. இங்கே ஆகஸ்ட் மழை மதியம் தாண்டி வரும், ஆலங்கட்டியோடு. கூடாரங்களின் மேலே கட்டிய தார்ப்பாய்கள் தண்ணீர் கோத்து வயிறு தள்ளித் தொங்கின. அதைக் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் முட்டித் தள்ள வேண்டும். சரியாக முட்டினால் தண்ணீர் சாலையில் விழும். தப்பாக முட்டினால் அடுத்த கூடாரத்தில்.

ஒரு ஓரமாக ஒதுங்கினேன். ஒதுங்குவது அரசியல் அல்ல.

"செனோரீத்தா! வேடிக்கை பார்த்தது போதும், அந்த மூலையை முட்டுங்க!"

கையில் துடைப்பம் வந்துவிட்டது. முட்டினேன். மொத்தத் தண்ணீரும் அடுத்த கூடாரத்து அடுப்பில்.

"அய்யோ, எங்க பீன்ஸ்! எவன்டா அவன்?"

"மன்னிச்சுக்குங்க தோழர்களே! இவங்க வெளிநாடு. அவங்க ஊர்ல தண்ணி வேற பக்கமா விழும்."

சொன்னவர் பெயர் ஃபெர்மீன். லிஃப்ட் மெக்கானிக். இதே சாலையில் ஒரு உயரமான கட்டடத்தில் வேலை. மறியலால் அலுவலகங்கள் பாதி காலி, லிஃப்டுகள் சும்மா நிற்கின்றன. இவர் கீழே இறங்கி வந்து கூடாரத்துக்கு மின்சாரம் இழுத்துக் கொடுத்து, மைக்கும் கட்டியிருக்கிறார். புருவத்தில் ஒரு தழும்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கூடாரத்துக்குத் தலைவி என்று யாரும் இல்லை. ஆனால் செலா இருக்கிறார். ஐம்பது வயது, டாக்சி ஓட்டுபவர். "என் ரோட்டை நானே மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் மவளே," என்று தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். டாக்சி ஓரமாக நிற்கிறது. அதன் பானட்டில் துணி காய்கிறது.

தார்ப்பாயைத் தள்ளுவது அரசியலா? யோசித்துப் பார்த்தேன். புவியீர்ப்பு.

4 ஆகஸ்ட்

நனைந்த துணியோடு வந்த என்னை வீட்டுக்காரம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். தோன்யா குக்கா. விதவை. வென்றதாகச் சொல்லப்பட்டவரின் கட்சி. ஜன்னலில் நீல ரிப்பன் கட்டியிருக்கிறார், கல்யாண வீடு மாதிரி.

"அந்தச் சோம்பேறிங்க கூடாரம் வழியாவா வந்தே?"

"வேற வழி இல்லையே அம்மா."

"அவனுங்களால என் பல் டாக்டர் வர முடியல. நான் போக முடியல. என் பல்லு ஜனநாயகத்துக்குப் பலி."

துண்டு கொடுத்தார். சூடாகச் சாக்லேட்டும் கொடுத்தார். இந்த நகரத்தில் யாரையும் முழுசாக வெறுக்க முடியவில்லை. இது என் குறையாக இருக்கலாம்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாவற்றையும் எண்ண முடியாது, ஒரு பகுதிச் சாவடிகளை மட்டும் மறுபடி எண்ணலாம் என்று நேற்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. கூடாரத்தில் ஒரே கூச்சல்.

"ஒரு பகுதியாம்! பாதிப் பல்லு விளக்குற மாதிரி," என்றார் செலா.

ஃபெர்மீன் சதுரங்கப் பலகையை எடுத்து வந்தார். ஏழாவது லேனில் மேசை போட்டு விளையாடினோம். எங்களைச் சுற்றி இருபது பேர், இருபது பேருக்கும் கருத்து. தோற்றேன். "மறுபடி எண்ணச் சொல்லுங்க!" என்று கூட்டம் எனக்காகக் கத்தியது. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

சர்ச்சுக்குப் போகவில்லை. நாளை போகலாம்.

9 ஆகஸ்ட், புதன்

எங்கள் ஊரில் வேலியோரம் நிற்கும் சப்பாத்திக்கள்ளி இங்கே காய்கறி. மடலைக் கத்தியால் முள் சீவி, வெங்காயத்தோடு வதக்குவார்கள். செலாவோடு உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தேன். சமையல் அரசியல் அல்ல. திடீரென்று அவர் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினார்.

"இது என்ன?"

சுட்டுவிரல் நகத்தின் நுனியில் கறுப்பாக ஒரு துண்டு. மறந்தே போயிருந்தேன். மே எட்டாம் தேதி எங்கள் ஊரில் சட்டமன்றத் தேர்தல். நான் விமானம் ஏறும் முன் போட்ட முதல் ஓட்டு. தோலில் இருந்த மை போய்விட்டது, நகத்தில் வைத்தது மட்டும் நகத்தோடு சேர்ந்து மெல்ல மேலேறி நுனிக்கு வந்திருக்கிறது.

"ஓட்டுப் போட்ட மை," என்றேன்.

"எங்களுக்குக் கட்டை விரல்ல வெப்பாங்க! உனக்கு எதுல வெச்சிருக்காங்க பாரு!"

எல்லோரும் கூடிவிட்டார்கள். விளக்கினேன். ஊர், மாதம், பள்ளிக்கூடச் சாவடி. ஃபெர்மீன் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரம்.

"உங்க ஊர்ல சீட்டு எப்படி? பெருசா, சின்னதா?"

"சீட்டே கிடையாது. மெஷின். பட்டனை அமுக்கணும். 'பீ...ப்'னு ஒரு சத்தம். முடிஞ்சது."

செலா கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப மறுபடி எண்ணணும்னா?" என்றார் செலா.

"மறுபடி பட்டனை அமுக்கிப் பார்ப்பாங்க. அதே நம்பர் வரும்."

"அய்யோ பாவம்," என்றார் ஒரு கிழவர், இறந்த வீட்டில் சொல்வது போல. பிறகு எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். ஃபெர்மீன் மைக்கருகே போய் "பீ...ப்!" என்று கத்தினான். அடுத்த கூடாரம் பதிலுக்கு "பீ...ப்!" என்றது. அதற்கடுத்தது. சாலை நெடுக அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

அன்று நான் பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுத் தூங்கினேன். எண்ணுவார்களா என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. இவர்கள் மழையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

11 ஆகஸ்ட்

விசித்திரம். நூலகத்துக்கு இரண்டு கூடாரம் முன்னால் ஒரு பெண் என்னை நிறுத்தி, "ஓட்டுப் போட்ட இந்தியப் பொண்ணு நீதானா?" என்றார். நான்தான் என்றேன். கட்டிப்பிடித்தார். தேவதைத் தூண் இருக்கும் ரவுண்டானாவுக்குப் போனால் கதை வளர்ந்திருக்கிறது. அங்கே சொல்வது: வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இந்த நாட்டிலேயே, ஜூலையில், ஓட்டுப் போட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பேருந்து நிறைய இந்தியப் பெண்களை நீலக் கட்சிக்காரர்கள் கொண்டுவந்து ஓட்டுப் போட வைத்திருக்கிறார்கள். எல்லோரும் புடவையில்.

மோசடிக்கு நேரடிச் சாட்சி. நான். என் நகம்.

ஃபெர்மீனிடம் சொன்னேன். அவன் வழக்கமாக முதலில் சிரிப்பவன். இன்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பல் வலி போலிருக்கிறது.

12 ஆகஸ்ட்

இலவசமாகக் கொடுக்கும் ஒரு பத்திரிகையில் என் விரல். முகம் இல்லை, பெயர் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. கீழே: 'வெளிநாட்டவரும் வாக்களித்தனரா?'

வீட்டுக்காரம்மா காலை உணவு மேசையில் அதை வைத்தார். என் கையைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். என் கையை. எழுந்து வந்தார். போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"எந்தச் சாவடின்னு என்கிட்ட சொல்லாதே. எனக்குத் தெரிய வேண்டாம். கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார் மகளே. எங்களுக்காகவா இத்தனை தூரம் வந்தே!"

"அம்மா, நான் போடவே இல்ல..."

"அப்படித்தான் சொல்லணும்." கண்ணடித்தார். முட்டையில் வெண்ணெய் அதிகம் போட்டார்.

14 ஆகஸ்ட்

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து தொலைபேசி. வெள்ளிக்கிழமை வர வேண்டும். ஒர்த்தேகா அம்மையாரின் குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் பயம்.

இங்கே ஓட்டுப் போட்டிருந்தால் குற்றம். போடாமல் போட்டதாகச் சொல்லித் திரிந்தால் அரசியல் தலையீடு. இரண்டுக்கும் ஒரே விமானம்.

15 ஆகஸ்ட்

என் நகத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு முடிவு இருக்கிறது.

வீட்டுக்காரம்மா: உடனே வெட்டு, நான் கத்தரி தர்றேன்.

செலா: வெட்டினா என் பொணத்து மேலதான். ஊர்ல போட்டதோ எங்க போட்டதோ, அது ஓட்டு. ஓட்டை வெட்டுவாங்களா?

பேராசிரியர் என்று எல்லோரும் அழைக்கும் அன்செல்மோ, கூடாரங்களுக்கான குழுவைச் சேர்ந்தவர், என்னைத் தனியாக அழைத்துப் போனார். மெதுவாகப் பேசினார். "போட்டேன்னு சொல்ல வேண்டாம். போடலேன்னும் சொல்ல வேண்டாம். சும்மா இருங்க. ஜனங்க சோர்ந்து போயிருக்காங்க. இந்த ரெண்டு நாளா அவங்க முகத்தைப் பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினார்கள்.

ஃபெர்மீன் மைக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். பள்ளி ஆசிரியை. மே தேர்தலில் அவளே ஒரு சாவடியில் மை வைக்கும் வேலை பார்த்தாள். முழுக் கதையையும் சொன்னேன். அவள் அரைமணி நேரம் திட்டினாள், பிறகு சிரித்தாள், பிறகு திட்டினாள்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஆதாரம் வேணும் அப்படித்தானே? அனுப்புதேன். அது இருக்கட்டும். ஏட்டி, போன வாரம் அந்த லிஃப்டுக்காரரை 'அவரு'ன்ன. இன்னைக்கு 'அவன்'ங்க. அங்க என்னதான் நடக்கு?"

"மழ பெய்யுதுக்கா."

"பெய்யும் பெய்யும். அம்மைட்ட நான் ஒண்ணும் சொல்லல."

சொல்வதற்கு என்ன இருக்கிறது?

17 ஆகஸ்ட்

பீன்ஸ்காரக் கூடாரத்துப் பெண் சொன்னாள், சாதாரணமாக, தட்டைத் துடைத்துக்கொண்டே. "உங்க லிஃப்டுக்காரன்தான் அன்னைக்கு மைக்ல சொன்னான். 'இந்தியாவுலேர்ந்து ஒரு செனோரீத்தாவைக் கூட்டிவந்து ஓட்டுப் போட வெச்சாங்க, அப்பவும் ஒழுங்கா ஜெயிக்கத் தெரியல'ன்னு."

இன்று எழுத வேறொன்றும் இல்லை.

18 ஆகஸ்ட், வெள்ளி

அக்காவின் மின்னஞ்சலை வழியிலேயே ஒரு கடையில் அச்செடுத்துப் போனேன்.

ஒரே படம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, அதன்மேல் அம்மா விசேஷத்துக்கு மட்டும் விரிக்கும் பூப்போட்ட துணி. அதில் வரிசையாக இடது சுட்டுவிரல்கள். அம்மா. அக்கா. எதிர்வீட்டு டெய்சி டீச்சர். மோதிரத்தோடு ஒன்று, மருதாணியோடு ஒன்று, பீடிக் கறையோடு ஒன்று. ஒவ்வொரு நகத்தின் நுனியிலும் கறுப்புத் துண்டு, என்னுடையதைப் போலவே. கீழே அக்கா எழுதியிருந்தாள்: 'தெரு முழுக்க ஏறி இறங்கி விரல் சேர்த்தேன். அப்பா நேற்றுதான் நகம் வெட்டினார், அதனால் அவர் படத்தில் இல்லை, கோபமாக இருக்கிறார்.'

ஒர்த்தேகா அம்மையார் படத்தை வெகுநேரம் பார்த்தார். என் விரலைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை.

"இதை நான் ஃபைல்ல எப்படி வைக்கிறது? என்ன தலைப்புல வைக்கிறது?"

பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டார். "நீங்க இங்க ஓட்டுப் போடலேன்னு நான் எழுதிடறேன். முடிஞ்சது. ஆனா இதோட அந்தச் சாலைப் பக்கம் போகாதீங்க. வதந்தி தானா செத்துப் போகும். நீங்க வாயைத் திறந்தா, எதுக்காகத் திறந்தாலும், அது அரசியல். என்னால காப்பாத்த முடியாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. வெளியே வந்தேன். வெயில். ஒரு மாம்பழம் வாங்கித் தின்றேன், மிளகாய்த்தூள் போட்டு. தப்பித்துவிட்டேன். பி.எட். இல்லை. சாலையைச் சுற்றிக்கொண்டு, மெட்ரோவில், சமர்த்தாக வீட்டுக்கு வந்தேன்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

சமர்த்து இரண்டு நாள் தாங்கவில்லை.

செலாவே வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரம்மாவும் அவரும் வாசலில் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"நீலம்," என்றார் செலா ரிப்பனைப் பார்த்து.

"டாக்சி ஓட்டற பொம்பளையா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"ஆமா. உங்க பல் டாக்டர்கிட்ட வேணும்னா சுத்துவழியா கூட்டிட்டுப் போறேன்."

வீட்டுக்காரம்மா யோசிக்கத் தொடங்கினார். அந்த இடைவெளியில் செலா என்னிடம் சொன்னார். ஒருவர் வந்திருக்கிறாராம், வடக்கே வெகுதூரத்திலிருந்து, பேருந்தில். என்னைப் பார்க்க.

போனேன். எழுபது வயது இருக்கும். வைக்கோல் தொப்பியை மடியில் வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பெயர் தோன் எவரார்தோ. என் விரலை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஐயா, இது எங்க ஊர் மை. மே மாசம் வெச்சது. நான் இங்க ஓட்டுப் போடல."

தலையாட்டினார். குரலைத் தாழ்த்தினார். "உன்னை மிரட்டிட்டாங்க. தெரியும் மகளே. பயப்படாதே. நாங்க இத்தனை பேர் இருக்கோம்."

"இல்லைங்கய்யா, யாரும் மிரட்டல."

"அப்படித்தான் சொல்லச் சொல்லுவாங்க."

வீட்டுக்காரம்மா சொன்ன அதே வாக்கியம். நீலமும் மஞ்சளும் என் விரலில் ஒரே பொய்யைப் பார்க்கின்றன. அவர் ஒருவரிடம் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு கூடாரமாகச் சொல்லியும் பயனில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி சொல்ல ஒரு வழிதான் இருந்தது. அது ஃபெர்மீனின் கையில் இருந்தது.

மூன்று நாளாக அவனோடு பேசவில்லை. கையை நீட்டினேன்.

"வேண்டாம் சுகிர்தா. உன்னை அனுப்பிடுவாங்க. நான் சொல்றேன். நான் ஆரம்பிச்சது."

என்னை முதல்முறையாக 'நீ' என்றான். ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. இதை ஏன் குறிக்கிறேன் என்று தெரியவில்லை.

"நீ சொன்னா ஜோக்னு நினைப்பாங்க," என்றேன். நானும் 'நீ' என்றே சொல்லியிருக்கிறேன்.

மைக்கைக் கொடுத்தான். மழை தொடங்கியிருந்தது. தார்ப்பாய்மேல் விழும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் ஏதோ திருகினான். கேட்டது. சாலை முழுக்க.

"என் பேர் சுகிர்தா. நான் மே மாசம் பாளையங்கோட்டைங்கற ஊர்ல ஓட்டுப் போட்டேன். இங்க போடல. யாரும் என்னைக் கூட்டிட்டு வரல, யாரும் மிரட்டல. என் விரல் உங்களுக்குச் சாட்சி இல்ல. உங்க ஓட்டு உங்ககிட்டதான் இருக்கு. மன்னிச்சுக்குங்க."

அன்செல்மோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோன் எவரார்தோ தொப்பியை எடுத்து மெதுவாகத் தலையில் வைத்தார்.

ஃபெர்மீன் மைக்கில் குனிந்தான். "அந்த ஜோக்கை அடிச்சது நான்தான். ஜோக் நல்லா இல்ல, ஒத்துக்கறேன்."

"கேவலமான ஜோக்!" என்று பீன்ஸ்காரர்கள் கத்தினார்கள்.

"சரி, கேவலமான ஜோக்."

"அவ ஓட்டு போட்டாளே, அதை எண்ணினாங்களா?" இது தோன் எவரார்தோ. எழுந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "உன் ஓட்டை, மகளே. யாராவது கையில எடுத்து எண்ணினாங்களா?"

"பட்டன்தான் ஐயா," என்றேன். "பீப்."

"அப்ப அதையும் எண்ணச் சொல்லு!" என்றார் செலா.

அவ்வளவுதான். யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. "வாக்கு வாக்காக! பாலாயன்கோத்தா!" எங்கள் ஊர்ப் பெயரை இதைவிட மோசமாக யாராலும் சொல்ல முடியாது. அடுத்த கூடாரம் எடுத்துக்கொண்டது. அதற்கடுத்தது. தேவதைத் தூண்வரை, அதைத் தாண்டியும், மழையில், முன்பின் பார்த்திராத ஜனங்கள் எங்கள் ஊர்ச் சட்டமன்றத் தொகுதிக்கு மறு எண்ணிக்கை கேட்டார்கள். தோன் எவரார்தோதான் சத்தமாக. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

குதித்தேன். நானும் கத்தினேன். இது அரசியல்தான். இதை வேறெப்படியும் எழுத முடியாது.

21 ஆகஸ்ட்

குரல் போய்விட்டது. இஞ்சித் தேநீர். வீட்டுக்காரம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் செலாவின் டாக்சியில் பல் டாக்டரிடம் போய்வந்தார்.

24 ஆகஸ்ட்

ஒர்த்தேகா அம்மையார் மறுபடி அழைத்தார். கையில் பேனா.

"ஞாயிற்றுக்கிழமை அங்க பேசினது நீங்களா? முகம் தெரியற படம் ஒண்ணும் என்கிட்ட இல்ல. இல்லேன்னு சொன்னா இல்லேன்னு எழுதிப்பேன்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாக.

"நான்தான்."

"என்ன பேசினீங்க?"

"ஓட்டுப் போடலேன்னு."

பேனா நின்றது. "தேர்தல்ல ஓட்டுப் போடலேன்னு சொல்றது அரசியலா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "நான் மேல கேக்கணும்."

5 செப்டம்பர், செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. வென்றவர் வென்றவர்தான். முழுவதும் எண்ணப் போவதில்லை.

இன்று யாரும் ஜோக் அடிக்கவில்லை. செலா தன் டாக்சிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழக்கத்தில் மீட்டரைப் போட்டுவிட்டார். அழுதார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அருகே போகவில்லை. பிறகு வீட்டுக்காரம்மா வந்தார். என் வீட்டுக்காரம்மா, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடாரங்களுக்கு நடுவே. பின் இருக்கைக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகணும்?" என்றார் செலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எங்கயும் இல்ல. உக்காந்திருக்கேன்."

13 செப்டம்பர்

"மேல கேட்டேன்," என்றார் ஒர்த்தேகா அம்மையார். "நாலு பேர் உக்காந்து பேசினோம். ஒருத்தர் அரசியல்ங்கறார். ஒருத்தர் இல்லேங்கறார். ஒருத்தர் அந்த விரல் படத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கார்."

"நாலாவது?"

"நான். உங்களை அனுப்ப வேண்டாம்னு சொன்னேன். ஆனா இந்த நகரத்துல வெச்சுக்கவும் முடியாது." ஒரு காகிதத்தை நகர்த்தினார். "ஹலாபா. மலை ஊர். நல்ல பல்கலைக்கழகம், நல்ல மொழிபெயர்ப்புத் துறை. திங்கட்கிழமை வகுப்பு. அங்க மறிக்கற அளவுக்கு அகலமான ரோடு கிடையாது."

நன்றி சொன்னேன். படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். தெருவுக்கு வந்த பிறகுதான் 'இந்த நகரத்தில் இல்லை' என்பது காதில் விழுந்தது.

14 செப்டம்பர்

நாளை கூடாரங்களைப் பிரிக்கிறார்கள். பதினாறாம் தேதி சுதந்திர தின அணிவகுப்பு, ராணுவத்துக்குச் சாலை வேண்டும். ஃபெர்மீன் ஏணிமேல் நின்று ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சொன்னேன்.

சுருட்டுவதை நிறுத்தவில்லை. "ஹலாபாவா."

"ஆமா."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல அரை நாள்கூட இல்ல."

"மாடிக் கட்டடம் இருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? மலை மேல இருக்கு. ஊரே ஏறி இறங்குமாம்."

"அப்ப லிஃப்ட் இருக்கும்."

"இருக்கலாம்."

"ரிப்பேர் ஆகும்."

"எல்லாம் ரிப்பேர் ஆகும்."

"அவன்கிட்டேர்ந்து அந்த ஒயரை வாங்குடி, எத்தனை நேரம் அதையே சுத்துவான்!" என்று கீழேயிருந்து செலா கத்தினார். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அக்காவிடம் ஊர் மாறுவதை மட்டும் சொன்னேன். "தனியாவா போற?" என்றாள். போன் கார்டு தீர்ந்துவிட்டது. உண்மையாகவே தீர்ந்துவிட்டது.

15 செப்டம்பர், வெள்ளி

சாலையில் கார்கள். ஒருவர் ஹாரன் அடித்தார். நடைபாதையில் நின்றிருந்த நாலைந்து பேர் அந்தத் தாளத்தைப் பிடித்து 'வாக்கு வாக்காக' என்றார்கள், எல்லோரும் சிரித்தார்கள், ஓட்டுநரும். செலாவுக்கு இன்று முதல் சவாரி. வீட்டுக்காரம்மா என் பெட்டியில் இரண்டு துண்டும் ஒரு சாக்லேட் பொட்டலமும் வைத்தார். அடுத்த தேர்தலுக்கு வரும்போது சொல்லிவிட்டு வா என்றார்.

மதியம் கிழக்குப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஹலாபாவுக்கு ஒரு பயணச்சீட்டு வாங்கினேன், ஜன்னலோரம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் அதற்கு அடுத்த இருக்கை கேட்டான். அவன் பணம் கட்டி முடிக்கும்வரை அவன் கருவிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.